அந்த நேரத்து நியாயம்

"சமநோக்கின் உறைவிடம், விதிமுறையின் காவலர், உற்றார் மற்றார் பாராது, எப்பக்கமும் சாயாது, தராசு முள்ளென நின்று தீர்ப்புரைக்கும் நடுநிலைச் செம்மல்."

கோயில் கொண்ட ஏதோவொரு தெய்வத்தைப் பற்றிய வர்ணனை என்று எண்ணிக் கும்பிட்டுவிடாதீர்கள். உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்காலில் நெல் விதைக்கும் கமக்காரர் அமைப்பு, தன் முன்னாள் செயலாளர் பரமலிங்கத்தாருக்கு அறுபதாம் வயதில் வாசித்தளித்த வாழ்த்துமடலின் மூன்றாவது பந்தி இது. கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் தொங்குகிறது. யாராவது நேராக்கிவிட்டால் அடுத்த நாள் வலப்பக்கம் சாய்கிறது. ஆணியை நான் குறை சொல்லமாட்டேன்.

வாசகரே, இன்று உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்துகிறேன். பெயர், நியாயக்காரர். ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். கூட்டம் கூடினால் பத்தாகிவிடுவார்கள்.

தயவுசெய்து களவு விளையாடுகிறவனோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள். களவாளி விதியை மீறுகிறான். மீறும்போது அவனுக்கு உள்ளங்கை வியர்க்கும், பிடிபட்டால் தலையைக் குனிவான். நியாயக்காரர் விதியைத் திருத்துகிறார். அவருக்கு ஒன்றும் வியர்க்காது. தொண்டையைச் செருமுவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியால் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார், பிறகு சொல்வார்:

"நான் எனக்காகக் கதைக்கேல்லை."

இந்த வசனம் காதில் விழுந்ததும் அனுபவசாலிகள் தங்கள் பொக்கற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

பரமலிங்கத்தாரோடு ஒருமுறை ஓமந்தையில் பஸ் ஏறினேன். இருக்க இடமில்லை. நின்றுகொண்டே அவர் ஒரு நியாயம் சொன்னார்: ஆசனம் பொதுச் சொத்து, அரை மணித்தியாலம் இருந்தவர் எழும்பி, நிற்பவருக்கு இடம் கொடுக்கவேண்டும், மனிதனை மனிதன் மதிக்கிற நாட்டில் அப்படித்தான். பஸ்ஸில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். நின்ற பாதி. மாங்குளத்தில் ஒருவர் இறங்க, இவருக்கு இடம் கிடைத்தது. முறிகண்டி வரும்போது யன்னலோரம் சாய்ந்திருந்து பக்கத்து ஆசனக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: கிடைத்த இடம் கிடைத்தவருக்கே, ஆளுக்காள் எழும்பி இருந்துகொண்டிருந்தால் உலகத்தில் ஒழுங்கு என்று ஒன்று மிஞ்சுமா? இரண்டு பேச்சிலும் தர்க்கப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. கிளிநொச்சிவரை நின்றபடியே நான் ரசித்தேன்.

தண்ணீர் விசயத்திலும் அப்படித்தான். அவருடைய வயல் வாய்க்காலின் தலைப்பக்கத்தில். "கிட்ட இருக்கிற வயல் நனைஞ்சுதான் தூரத்து வயல் நனையும், இது இயற்கை" என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கினார். தண்ணீர் குறைந்த ஒரு சிறுபோகத்தில் கடைக்கோடியில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். "கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேராமல் தலைப்பக்கத்தான் மடையில கை வைக்கக்கூடாது, இது தர்மம்" என்று அதே கூட்டத்தில், அதே கதிரைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். அதற்கும் கைதட்டினார்கள். முதல் பேச்சுக்குத் தட்டிய அதே கைகள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி, அவர் செஸ் விளையாடிய கதைக்கு வருவோம்.

போன காலபோக நெல்லறுவடை. எங்கள் வாய்க்காலில் நான்கு வயல்கள் மட்டும் வெட்டாமல் மிஞ்சி நின்றன. அம்பாறைப் பக்கமிருந்து வந்த வெட்டு மெசின் ஒருநாள் மட்டும் எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. மறுநாள் அது முல்லைத்தீவுக்குப் போய்விடும். அதே மறுநாள் மழை என்று வானொலியும் சொன்னது, வானமும் சொன்னது. ஆகவே முதலில் மெசின் இறங்கும் வயலுக்கு நிச்சயம், இரண்டாவதற்கு நம்பிக்கை, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் கடவுள்.

நான்கு வயலின் சொந்தக்காரரையும் சொல்லிவிடுகிறேன். பரமலிங்கத்தார்: தன்னுடையதும், கனடாவிலிருக்கும் தமையனுடையதுமாகப் பத்து ஏக்கர், மேட்டுக்காணி, மெசின் அங்கே இறங்கினால் அந்தியில்தான் ஏறும். கிருசாந்தன்: ஓட்டோ ஓடுகிற இளந்தாரி. நேசமலர் ரீச்சர்: முன்பள்ளி ஆசிரியை. இவர்கள் இருவரின் நெல்லும் பிந்தி விதைத்தது. இன்னும் ஒரு கிழமை பொறுக்கும். நான்காவது ராஜினி. கழிவு வாய்க்காலோரம் இரண்டு ஏக்கர் பள்ளக்காணி. கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. ஒரு மழை விழுந்தால் மெசின் புதையும். இரண்டு மழை விழுந்தால் நெல் கதிரிலேயே முளைக்கும். கணவன் சதீஸ் வவுனியாவில் மேசன் வேலை; வேலை இருக்கிற நாள்தான் சம்பளம். வருடச் சாப்பாடு அந்தப் பள்ளத்தில்தான் நின்றது.

அப்படியென்றால் ராஜினிக்கே முதலிடத்தைக் கொடுத்துவிடலாமே என்று நினைக்கிறீர்கள். நேசமலர் ரீச்சரும் அதைத்தான் சொன்னா.

"ரீச்சர், இரக்கம் வேற, முறை வேற," என்றார் பரமலிங்கத்தார், கண்ணாடியைத் துடைத்தபடி. "இண்டைக்கு இரக்கத்துக்காக முறையை விட்டா, நாளைக்கு ஆரில எவ்வளவு இரக்கம் எண்டு கொத்து வைச்சு அளக்க வேண்டி வரும். நான் எனக்காகக் கதைக்கேல்லை."

வழக்கமாகச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். போன வருடம் அவருக்குக் கடைசிச் சீட்டு விழுந்தது. அன்றே, சீட்டு என்பது மூளைக்கு மரியாதை தராத முறை என்று கண்டுபிடித்துவிட்டார். "மூளையால தீர்மானிப்பம். போனில நாலு பேர் செஸ். மடிச்ச சீட்டுமில்லை, குலுக்கிற கையுமில்லை."

சிரிக்காதீர்கள். கொரோனா ஊரடங்கில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குப் பிடித்த இரண்டு வியாதிகளில் இது ஒன்று, மற்றது சுகமாகிவிட்டது. குசினியிலிருந்தபடி ரீச்சரும், ஓட்டோ நிறுத்துமிடத்திலிருந்து கிருசாந்தனும், வரம்பிலிருந்து ராஜினியும், விறாந்தையில் வாழ்த்துமடலுக்குக் கீழே இருந்து பரமலிங்கத்தாரும் இன்றைக்கும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திரையின் நான்கு பக்கமும் நான்கு நிறப் படைகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றுக்கும் எதிரி. காயை வெட்டினால் புள்ளி. ஒருவருடைய ராசாவை மடக்கினால் இருபது புள்ளி. கடைசியில் கூடப் புள்ளி எடுத்தவருக்கே முதலிடம், அவருடைய ராசா செத்திருந்தாலும். நேரத்துக்குள் நகர்த்தாமல் விட்டவரின் படை சாம்பல் நிறமாகிவிடும். ராசா மட்டும் ஆளில்லாமல் தன்பாட்டில் அலையும். அந்தச் சாம்பல் ராசாவை மடக்கினாலும் இருபது. இது திரையின் விதி. இதை எழுதியவர் எந்த ஊரோ, அவருக்குப் பரமலிங்கத்தாரைத் தெரியாது.

மெசின் வருவதற்கு முதல்நாள் பின்னேரம், ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் கூடினோம். நான்கு பிளாஸ்ரிக் கதிரை, நான்கு போன். எனக்கு வயல் இல்லை என்பதால் என்னைச் சாட்சியாக வைத்தார்கள். அதே காரணத்துக்காக நான் சொன்னதையெல்லாம் தள்ளியும் வைத்தார்கள்.

தொடங்குமுன் பரமலிங்கத்தார் சிற்றுரை ஆற்றினார். "புள்ளிதான் நியாயம். உழைச்சவனுக்குக் கூலி. மூலையில ஒளிச்சு நிண்டு உயிர் தப்பினவனுக்கு முதலிடம் குடுக்கிறது, வயலில இறங்காதவனுக்கு நெல் அளக்கிற மாதிரி."

நல்ல கொள்கை. அரை மணித்தியாலம் நின்றது. அதற்குள் கிருசாந்தன் மூன்று பக்கமும் பாய்ந்து வெட்டி முப்பதைத் தாண்டிவிட்டான். ராஜினி, திரையைப் பார்க்கிற நேரம் பாதி, யன்னலால் வானத்தைப் பார்க்கிற நேரம் பாதியாக இருந்தும் இருபதைப் பிடித்துவிட்டாள். ரீச்சர் சிப்பாய்களை மட்டும் வரிசையாக, இடைவேளைக்குப் போகிற பிள்ளைகளைப் போல நகர்த்திக்கொண்டிருந்தா. பரமலிங்கத்தார் கடைசி. ஆனால் வெட்டாதவருக்கு வெட்டும் குறைவு. அவருடைய படை பெரும்பாலும் முழுதாக நின்றது.

கண்ணாடி கழன்றது.

"ஒரு விசயம். எனக்காக இல்லை. இந்தப் புள்ளி, புள்ளி எண்டு அலையிறது ஒரு பேராசை. வீட்டைக் குலைக்காமல், படையைக் காப்பாத்திக் கடைசிமட்டும் நிக்கிறவனெல்லோ வென்றவன்? செத்துப்போனவன் எப்பிடி முதலாமாள் ஆகிறது? கடைசியா உயிரோட நிக்கிற ராசாவுக்குத்தான் முதலிடம் எண்டு வைப்பம். மற்றது, சாம்பல் ராசாவை மடக்கிப் புள்ளி எடுக்கிறது… செத்த வீட்டில களவெடுக்கிற மாதிரி. அது மனுசத்தனம் இல்லை."

எப்படியும் தானே வெல்லப்போகிறேன் என்ற நினைப்பில் கிருசாந்தன், "ஓம் அண்ணை, உங்கட விருப்பம்," என்றான். ரீச்சர் தலையாட்டினா. ராஜினி, "எதையாவது வச்சு முடிங்க ஐயா, வானம் கறுக்குது," என்றாள். திருத்தம் நிறைவேறியது. சாட்சி நான்.

திரைக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. அது பழைய விதிப்படியே எண்ணிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தது எங்கள் பகுதிக்கே உரிய விபத்து. கிருசாந்தன் ராணியைத் தூக்கி ரீச்சரின் ராசாவுக்கு முன்னால் வைக்கப் போன நேரம் அவனுடைய திரை அசையாமல் நின்றது.

"ஐயோ, டேட்டா முடிஞ்சுது! ரீச்சர், கெதியா ஹொட்ஸ்பொட் போடுங்கோ!"

"அது எங்கையடா இருக்கு?"

"மேல இழுங்கோ… அங்கால… ஐயோ, அது லைற் ரீச்சர்!"

ரீச்சரின் போன் லைற் வெளிச்சத்தில் கிருசாந்தனின் படை சாம்பலாகியது.

"அண்ணை, கடையில போய்க் கார்ட் போட்டிட்டு வாறன், திருப்பித் தொடங்குவம்," என்று கெஞ்சினான்.

"தம்பி, உயிரோட நிக்கிறவனுக்குத்தான் இடம் எண்டு நீயும்தானே ஒத்துக்கொண்டனீ? ஒருத்தருக்காக விதியை மாத்தேலாது," என்றார் பரமலிங்கத்தார். அந்த முகத்திலிருந்த உறுதியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வாழ்த்துமடல் எழுதியவர் அந்த நேரத்தில்தான் எழுதியிருப்பார்.

கிருசாந்தனின் ராசா ஆளில்லாமல் கட்டம் கட்டமாக அலைந்தது. அலைந்து பரமலிங்கத்தாரின் கோட்டைக்கு முன்னால் வந்தது. அவர் மடக்கினார். திரை இருபது கொடுத்தது.

"செத்த வீடு எண்டு சொன்னியள்?" என்றான் கிருசாந்தன்.

"நான் புள்ளிக்காக மடக்கேல்லை. அது பாவம், அலைஞ்சு திரிஞ்சுது."

"ஓமோம். கனடா அண்ணைன்ர காணியைப் பார்க்கிற மாதிரி என்ர ராசாவையும் பார்க்கிறியளாக்கும்."

"ஆளில்லாத காணியை ஆரோ ஒருத்தர் பார்க்கத்தானே வேணும், தம்பி."

அடுத்துச் சிப்பாய்களுக்குப் பின்னால் அமைதியாயிருந்த ரீச்சரின் ராசாவையும் மடக்கினார். இன்னொரு இருபது. "என்ர பிள்ளையள் இதைவிட மரியாதையா அடிபடுங்கள்," என்று சொல்லி ரீச்சர் போனை மடியில் கவிழ்த்தா.

மிஞ்சியது இரண்டு பேர். பரமலிங்கத்தாரும் ராஜினியும்.

இங்கேதான் கவனமாகப் பார்க்கவேண்டும். திரையில் பரமலிங்கத்தார் இருபத்தைந்து புள்ளி முன்னால். ஆனால் இரண்டு வேட்டையிலும் படையைச் சிதறவிட்டதால் அவருடைய ராசா மூலையில் தனியே நின்றது. ராஜினியின் ராணியும் கோட்டைக் காயும் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நகர்வில் கதை முடியும். கதிரைகளைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவர் திருத்திய விதிப்படி, உயிரோடு நிற்கப்போவது ராஜினி. ராஜினி வானத்தைப் பார்ப்பதை விட்டிருந்தாள்.

அப்போது பரமலிங்கத்தாருடைய திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான் ஒளிர்ந்தது. திரையின் விதியில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு: இரண்டுபேர் மட்டும் மிஞ்சி, ஒருவர் இருபத்தொரு புள்ளியோ அதற்கு மேலோ முன்னால் நின்றால், அவர் வெற்றியைக் கோரி ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தலாம். ராசாவை மடக்கினாலும் கிடைப்பது இருபதுதானே. பிந்தி நிற்பவர் இனி எட்டிப்பிடிப்பது அரிது, ஏன் இழுத்தடிக்கவேண்டும் என்பது கணக்கு. புள்ளிதான் விதி என்றால் மிக நியாயமான ஏற்பாடு.

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேரமில்லை. அழுத்தினார்.

திரை பூத்தூவியது. முதலிடம்: பரமலிங்கம்.

மண்டபம் கொதித்தது. "புள்ளி பேராசை எண்டு சொன்னது ஆர்?" என்று எழும்பினா நேசமலர் ரீச்சர். முன்பள்ளிக் குரல் இல்லை அது.

"அது அந்த நேரத்து நியாயம், ரீச்சர்."

"அப்ப இது?"

"இது இந்த நேரத்து நியாயம். திரை சொல்லுது, நான் சொல்லேல்லை. அதுசரி, உயிரோட நிக்கிறதெண்டு பார்த்தாலும் என்ர ராசா உயிரோடதானே நிக்குது?"

"ரெண்டு நகர்வில போயிருக்கும்!" என்றான் கிருசாந்தன்.

"போகேல்லைத்தானே, தம்பி."

உண்மையாகவே போகவில்லை. கடைசியாக உயிரோடு நின்ற ராசா எது? இரண்டும்தான். அவருடைய திருத்தத்தை வைத்து வழக்குப் போட்டால் எந்த நீதவானும் தலையைச் சொறிவார். ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, சலிக்காமல், புதிது புதிதாக நியாயம் வழங்கினார். எதிர்ப்புக் கூடக்கூட அவருக்கு முகம் மலர்ந்தது. இந்த இனம் அப்படித்தான்.

ராஜினி கத்தவில்லை. போனைப் பைக்குள் வைத்தாள். எழும்பிச் செருப்பைத் தேடிப் போட்டாள்.

"எனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது ஐயா. நீங்க செயலாளரா இருந்தவர். எது முறைன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றபடி நான் கேக்கிறேன்."

பரமலிங்கத்தார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே போட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் அவர் எதிராளிக்கு நியாயம் சொல்லிப் பழகியவர். எதிராளியே இல்லாமல், வெறும் நியாயத்தை மட்டும் ஒருவர் கேட்டது அதுதான் முதல்தடவை.

"காலமை சொல்லுறன், பிள்ளை," என்றார்.

வெளியே வந்தபோது மேற்கே மின்னிக்கொண்டிருந்தது.

இப்போது, வாசகரே, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் யார் பக்கம்? ராஜினி பக்கம். தெரியும். நானும்தான். ஆனால் அதை எந்த விதியின்படி முடிவெடுத்தீர்கள்? அந்தப் பொத்தான் திரையின் விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. அதே பொத்தான் ராஜினியின் திரையில் ஒளிர்ந்து, அவள் அதை அழுத்தியிருந்தால், "சரியான நேரத்தில் அழுத்தினாள் கெட்டிக்காரி" என்று கைதட்டியிருக்கமாட்டீர்களா? டேட்டா முடிந்தது அவளுக்கென்றால், "இதென்ன அநியாயம், திருப்பித் தொடங்கவேண்டும்" என்று முதலில் கத்துவது நீங்களில்லையா? கிருசாந்தனுக்கு முடிந்தபோது சிரித்தீர்கள். முதலில் ஆளைத் தெரிவு செய்தீர்கள். பிறகு அந்த ஆளுக்கு அளவான விதியைத் தேடினீர்கள். தலைப்பக்கப் பேச்சுக்கும் கடைக்கோடிப் பேச்சுக்கும் தட்டிய கைகள் யாருடையவை என்று பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? இனிச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடி போடுகிறவராயின் அதை இப்போது கழற்றித் துடைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்தநாள் காலையில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். விளக்கம் கேட்காதீர்கள், அவரும் தரவில்லை. வெட்டு மெசின் வந்ததும் பரமலிங்கத்தார் வீதியில் நின்று அதை மறித்து, முதலில் தன் வயலில் இறக்கி, வரம்போரமாக ஒரேயொரு சுற்று வெட்டுவித்தார். பிறகு மிச்சத்தை வெட்டாமலே விட்டு, மெசினுக்கு முன்னால் நடந்து, அதை ராஜினியின் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.